உபுண்டு 22.04-க்கு மாறியபின் வந்த லிங்கர் பிழைகள்

3 ஜூன் 2024, திங்கள்

கணினியின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு உயர்த்தியபின், ஆற்று நீர்மட்டத் தரவைத் திரட்டும் எங்கள் பழைய சி நிரலை இன்று மீண்டும் கட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பும் தடையின்றிக் கம்பைல் ஆனது, அதாவது இயந்திரக் குறியீடாக மாறியது. எல்லாவற்றையும் இணைக்கும் இறுதிக் கட்டத்தில்தான் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறைகள்) என்று லிங்கர் எனும் இணைப்பு நிரல் திரை நிறையப் பிழைகளைக் கொட்டியது. வரிகள் பலவானாலும் அவை சுட்டிய மாறிகள் சிலவே; பெரும்பாலானவை பல கோப்புகள் பகிரும் ஒரே ஹெடர் கோப்பில், ‘வரையறை வேறிடத்தில் உள்ளது’ எனச் சொல்லும் ‘எக்ஸ்டெர்ன்’ இல்லாமலும் தொடக்க மதிப்பு இல்லாமலும் அறிவிக்கப்பட்டவை.

அத்தகைய மாறி, அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாக உருவாகிறது. 20.04-இல் இருந்த ஜிசிசி 9 கம்பைலர் அவற்றைக் ‘காமன்’ என்ற பொதுப்பகுதியில் வைக்கும். லிங்கர் ஒரே பெயர் கொண்டவற்றை ஓசையின்றி ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 இந்த இயல்பமைப்பைக் கைவிட்டது. 22.04-இல் இருப்பது ஜிசிசி 11.

4 ஜூன், செவ்வாய்

நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் ‘எஃப்காமன்’ விருப்பத்தைச் சேர்த்தால் பழைய நடத்தை திரும்பிவிடும், பிழைகளும் மறைந்துவிடும். ஆனால் அந்த வழியை நான் எடுக்கவில்லை. ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ சேர்த்து, வரையறையை ஒரே ஒரு சி கோப்புக்கு நகர்த்தியபோது பெரும்பாலான பிழைகள் தீர்ந்தன. எஞ்சிய ஒன்றுதான் இந்த வேலை முழுவதற்கும் நியாயம் சொன்னது. எச்சரிக்கை மட்டத்தைக் குறிக்கும் மாறி ஒரு கோப்பில் ‘இன்ட்’ (முழு எண்) ஆகவும், அந்த ஹெடரையே சேர்க்காத மற்றொரு கோப்பில் அதே பெயரில் ‘டபுள்’ (தசம எண்) ஆகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நினைவக இடத்தில் அமர்த்தி, பெரிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கருவிகள் அமைதியாகக் கடந்திருக்கின்றன. ஒரு பகுதி எழுதிய மதிப்பை மற்றது படித்தால் பொருளற்ற எண்ணே கிடைத்திருக்கும். வெள்ள எச்சரிக்கைக்கான நிரலில் இது சிறிய குறை அன்று. இதைப் பிழை என்று நிறுத்திய புதிய கம்பைலருக்கு நான் நன்றியுடையவன்.

5 ஜூன், புதன்

அடுத்து வந்தது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’. ‘ஃபிப்ஸ்_மோட்_செட்’ என்ற செயற்கூறு கிடைக்கவில்லை. எங்கள் மூலக்குறியீட்டில் அந்தப் பெயரே இல்லாததால் பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கட்டளையால் ஒவ்வொரு நூலகத்தையும் (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) பார்த்தேன். அளவிக் கருவியுடன் கம்பைல் செய்த நிலையில் வந்த நூலகத்தில்தான் அது ‘யூ’ குறியுடன், அதாவது வெளியிலிருந்து வரவேண்டியதாக, இருந்தது. 22.04 தரும் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 என்ற மறையாக்க நூலகத்தில் அந்தச் செயற்கூறு நீக்கப்பட்டுவிட்டது. பழைய 1.1.1-ஐ நாமே நிறுவலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அதற்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால், வலையமைப்பில் இயங்கும் நிரலுக்கு அதை நான் ஏற்கமாட்டேன். 3.0-க்கு எனக் கட்டிய நூலகத்தை அளவிக் கருவியைத் தந்தவர்களிடம் கேட்டு எழுதியுள்ளேன்.

10 ஜூன், திங்கள்

புதிய நூலகம் வந்தது. முதன்மை நிரல் இணைந்து இயங்குகிறது.

நீர்மட்டம் அளக்கும் நிலையங்களில் ஓடும் சிறிய துணை நிரலுக்கு மறையாக்கம் தேவையில்லை; ஆனால் அந்தக் கணினிகள் இன்னும் 20.04-இலேயே உள்ளன. இங்கே கட்டி அங்கே இயக்கியபோது ‘ஜிலிப்சி 2.34’ (சி நிரல்களின் அடிப்படை நூலகம்) இல்லை என்று நின்றது. ஜிலிப்சி 2.34-இல் ஒரே நேரத்தில் பல பணிகளை இயக்க உதவும் பிதிரெட் நூலகம் முதன்மை நூலகத்துடன் சேர்ந்தது. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறும் புதிய பதிப்புக் குறி பெற்றது. அதனால் 22.04-இல் வழக்கமான முறையில் கட்டும் மிக எளிய நிரல்கூட அக்குறியைக் கேட்கும், 20.04-இல் இருப்பதோ 2.31. புதிய ஜிலிப்சியைப் பழைய கணினியில் திணிப்பது அதன் மற்ற நிரல்களையும் குலைக்கக்கூடும்.

ஆகவே துணை நிரலை மட்டும் 20.04 சூழலைத் தனியே தரும் கன்டெய்னருக்குள் கட்டினேன். அங்கே மீண்டும் ஜிசிசி 9 என்பதால், பொதுப்பகுதியைத் தடுக்கும் ‘எஃப்நோ-காமன்’ விருப்பத்தை மேக்ஃபைலில் வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். கட்டிய நிரலின் உள்ளடக்கத்தைக் காட்டும் ‘ஆப்ஜ்டம்ப்’ கொண்டு பார்த்ததில் 2.31-க்கு மேற்பட்ட பதிப்புக் குறி எதுவும் இல்லை. நாளை முதலாவது நிலையத்தில் நிறுவுவோம்.