ஹீப் 1 முதல் ஹீப் 5 வரை: ஆர்டிஓஎஸ் தாளுக்கு மெமரி பகுதியைப் படித்த விதம்

எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கிறவர்கள் ஆர்டிஓஎஸ் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய கருவிகளுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம்) தாளுக்குத் தயாராகும்போது பெரும்பாலும் ஷெட்யூலிங்கிலேயே, அதாவது எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்பதிலேயே, மூழ்கிவிடுவார்கள். ரேட் மோனோடோனிக், பிரயாரிட்டி இன்வெர்ஷன், செமஃபோர், மியூடெக்ஸ் என்று அதற்கே நேரம் சரியாக இருக்கும். மெமரி ஒதுக்கீடு கடைசிக்குத் தள்ளப்பட்டு, நாலு வரையறையோடு முடிந்துவிடும். எழுத்துத் தேர்வில் அது போதும். வைவாவிலும் வேலைக்கான நேர்முகத்திலும் போதாது, ஏனென்றால் அங்கே வரையறையைக் கேட்பதில்லை, "இதை ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள்" என்று கேட்கிறார்கள்.

நான் இந்தப் பகுதியை ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஓபன் சோர்ஸ் ஆர்டிஓஎஸ்ஸின் கெர்னல் (மையப் பகுதி) சோர்ஸ் கோடை வைத்தே படித்தேன். காரணம் எளிது. அதில் ஹீப்பிலிருந்து (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம் பகுதி) மெமரி ஒதுக்க ஹீப் 1 முதல் ஹீப் 5 வரை ஐந்து முறைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனி சி ஃபைல், ஐந்தும் ஒரே ஃபோல்டரில் இருக்கும், எதுவுமே பெரிதல்ல. பாயிண்டரும் லிங்க்டு லிஸ்ட்டும் தெரிந்தவர் ஒரு ஃபைலை ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

கோடைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருக்க வேண்டும்: சி மொழியிலேயே மெமரி வாங்க மாலோக், விடுவிக்க ஃப்ரீ இருக்கும்போது கெர்னலுக்கு எதற்குத் தனியாக ஒன்று? மலிவான போர்டுகளில் அடிக்கடி பார்க்கும் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் மொத்த ரேமே 20 கேபி. ஒரு டாஸ்க் (கெர்னல் தனியாக ஓட்டும் ஒரு வேலை) உருவாக்கினால் அதன் கட்டுப்பாட்டு விவரங்களுக்கு ஓர் இடம், ஸ்டாக்குக்கு ஓர் இடம் வேண்டும். டாஸ்க்குகள் தகவல் பரிமாறும் க்யூ, செமஃபோர் எல்லாமே ரேமைக் கேட்கும். சி மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் உள்ள மாலோக் சின்ன சிப்புக்குப் பெரிய கோடாக இருக்கலாம். இரண்டு டாஸ்க்குகள் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் பாதுகாப்பா என்பது லைப்ரரியைப் பொறுத்தது. எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் இந்த வேலையைக் கெர்னலின் மையத்தில் வைக்காமல், போர்ட் செய்கிறவர் (கெர்னலை ஒரு சிப்புக்கு ஏற்றபடி அமைப்பவர்) தேர்ந்தெடுக்கும் அடுக்கில் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஹீப் 1. ஒரு பெரிய பைட் அரே, அதில் அடுத்த காலி இடம் எங்கே என்று சொல்லும் ஒரு எண், அவ்வளவுதான். 20 பைட் கேட்டால் 8-இன் மடங்காக 24 ஆக்கி, அந்த எண்ணை 24 நகர்த்திவிடும். திரும்ப விடுவிக்கும் வழியே கிடையாது. ஃப்ரீ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கூப்பிட்டால் அசெர்ட்டில் (தப்பைப் பிடித்து நிறுத்தும் சோதனையில்) போய் நிற்கும். "விடுவிக்கவே முடியாத அலோகேட்டரால் என்ன பயன்?" என்பது வைவாவில் நிச்சயம் வரும். எத்தனையோ கருவிகளில் எல்லா டாஸ்க்கும் க்யூவும் பவர் போட்டவுடன் உருவாகும், அதற்குப் பிறகு எதுவும் அழிக்கப்படாது. அங்கே விடுவிக்கும் தேவையே எழவில்லை. பதிலுக்கு இரண்டு ஆதாயம்: ஃபிராக்மென்டேஷன் (காலி இடம் துண்டுதுண்டாகச் சிதறுவது) இல்லை, ஒவ்வொரு அழைப்பும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும்.

அடுத்து ஹீப் 3-க்குப் போகாதீர்கள். ஹீப் 2-ஐயும் ஹீப் 4-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். பாடத்தின் சாரம் முழுக்க இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

ஹீப் 2 பெஸ்ட் ஃபிட், ஹீப் 4 ஃபர்ஸ்ட் ஃபிட் என்று எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் கோடைப் பார்த்தால், காலி பிளாக்கைத் தேடும் லூப் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: லிஸ்ட்டின் தொடக்கத்திலிருந்து போய், போதுமான அளவுள்ள முதல் பிளாக்கை எடு. வித்தியாசம் லிஸ்ட்டை அடுக்கியிருக்கும் வரிசையில் இருக்கிறது. ஹீப் 2 காலி பிளாக்குகளை அளவு வரிசையில் வைக்கிறது. அதனால் முதலில் கிடைப்பதே பொருந்துவதில் மிகச் சிறியது. ஹீப் 4 முகவரி வரிசையில் வைக்கிறது. அதனால்தான் ஒரு பிளாக்கை விடுவிக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் ஒட்டியிருப்பது காலியா என்று உடனே தெரிந்து, சேர்த்துவிட முடிகிறது. இதைச் சொல்லத் தெரிந்தால், கோடைப் படித்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 1024 பைட் ஹீப் என்று வையுங்கள், தலைப்புப் பகுதியை (ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் கெர்னல் வைக்கும் குறிப்பு) இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அ, ஆ, இ என்று மூன்று பிளாக், ஒவ்வொன்றும் 256. கடைசியில் 256 காலி. இப்போது அ, ஆ இரண்டையும் விடுவியுங்கள். மொத்தக் காலி இடம் 768. இந்த நிலையில் 400 கேட்டால் ஹீப் 2 கையை விரித்துவிடும். அதன் கணக்கில் இருப்பது மூன்று தனித்தனி 256. ஹீப் 4-இல் அ-வும் ஆ-வும் சேர்ந்து 512 ஆகியிருக்கும், 400 கிடைக்கும்.

அதே 768 இருக்கும்போது 400-க்குப் பதிலாக 600 கேட்டால்? ஹீப் 4-உம் தராது, நடுவில் இ உட்கார்ந்திருக்கிறது. அதை ஓரமாக நகர்த்தலாமே என்றால் முடியாது. அதன் முகவரியை ஏதோ ஒரு டாஸ்க் பாயிண்டரில் வைத்திருக்கிறது. நகர்த்தினால் அந்தப் பாயிண்டர் வேறெதையோ காட்டும். சரி, இ-யையும் விடுவித்துவிடுவோம். ஹீப் 4 திரும்பவும் முழு 1024 ஆகிவிடும். ஹீப் 2 மட்டும் நான்கு 256 துண்டுகளாகவே நிற்கும். எல்லாம் காலியாக இருந்தும் 400 பைட் கிடைக்காது! ஒரே அளவிலான டாஸ்க்குகளை உருவாக்கி அழித்துக்கொண்டே இருக்கும் புரோகிராமில் மட்டும் ஹீப் 2 தாக்குப்பிடிக்கும். புதிய வேலைகளுக்கு ஹீப் 4-ஐ எடுப்பதே வழக்கம்.

கை பழகியபின் தலைப்புப் பகுதியையும் சேர்த்துப் போடுங்கள். 32 பிட் ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம்-இல் ஹீப் 4-இன் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் 8 பைட் போகும்: அடுத்த காலி பிளாக்கின் பாயிண்டர் 4, அளவு 4. ஆகவே 20 கேட்டால் 28 ஆகி, 32 ஆக உயரும். ஹீப் 1-இல் அதே 20-க்கு 24தான். கணக்குக் கேள்விகளில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். இன்னொன்று: பெரிய பிளாக்கிலிருந்து வெட்டிக் கொடுக்கும்போது மிச்சம் 16 பைட்டுக்கு மேல் இருந்தால்தான் வெட்டும், இல்லாவிட்டால் முழுசாகவே கொடுத்துவிடும்.

ஹீப் 3-க்கு ஒரு நிமிடம் போதும். லைப்ரரியின் மாலோக்கையே கூப்பிடும், அதற்கு முன்னும் பின்னும் ஷெட்யூலரை நிறுத்தி மறுபடி ஓடவிடும். ஹீப் அளவைக் கெர்னல் கான்ஃபிக் ஃபைலில் எவ்வளவு மாற்றினாலும் இதில் பலிக்காது, லிங்கர் (புரோகிராமுக்கு ரேமைப் பிரித்து வைக்கும் கருவி) வைத்ததுதான் சட்டம்.

ஹீப் 5, ரேம் பல துண்டுகளாக இருக்கும் சிப்புக்கு. எஸ்டிஎம்32எஃப்407-ஐ உதாரணமாக எழுதுங்கள்: 128 கேபி ஓரிடத்தில், சிசிஎம் எனப்படும் 64 கேபி வேறு முகவரியில். ஹீப் 4-ஆல் இரண்டையும் ஒரே ஹீப்பாக ஆள முடியாது. ஹீப் 5-இல் பகுதிகளைச் சிறிய முகவரியிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இந்தச் சிப்பில் சிசிஎம்தான் முதலில் வரும். முதல் டாஸ்க்கோ க்யூவோ உருவாகும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். சிசிஎம்மை டிஎம்ஏ (பிராசஸர் தலையிடாமல் டேட்டாவை நகர்த்தும் ஹார்ட்வேர்) தொட முடியாது. எனவே டிஎம்ஏ பஃபரை இந்த ஹீப்பிலிருந்து வாங்கினால் அது எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. பாடத்திட்டத்தில் இது இருக்காது, ஆனால் நேர்முகத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

லேபுக்கு இரண்டு விஷயம். டாஸ்க் உருவாக்கும்போது ஸ்டாக் அளவு 128 என்று கொடுத்தால் அது 128 வேர்டு. 32 பிட்டில் 512 பைட். ஆனால் இஎஸ்பி32 சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் எஸ்ப்ரெசிஃப் தரும் பதிப்பில் அதே எண் பைட் கணக்கு. அதனால் ஒரு போர்டின் கோடை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டாதீர்கள். அப்புறம், இப்போது எவ்வளவு காலி என்பதைவிட, தொடங்கியதிலிருந்து மிகக் குறைவாக எவ்வளவு காலியாக இருந்தது என்ற எண்ணைப் பாருங்கள். ஹீப் 4, 5 இரண்டிலும் அதற்கென்று ஃபங்ஷன் உண்டு.

எல்லாம் படித்தபின் "இதெல்லாம் எதற்கு, எல்லாவற்றையும் கம்பைல் செய்யும்போதே ஒதுக்கிவிடலாமே?" என்று தோன்றினால் நல்லது. 2016-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து டாஸ்க்குக்கும் க்யூவுக்கும் நாமே மெமரியைக் கொடுக்கும் வழி இருக்கிறது. வாகனத் துறையில் புழங்கும் மிஸ்ரா சி வழிகாட்டலும் டைனமிக் ஒதுக்கீட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. ஹீப்புக்கும் இப்படி முன்கூட்டியே ஒதுக்குவதற்கும் நடுவில், ஒரே அளவு பிளாக்குகளாக வெட்டி வைத்த பூல் முறை உண்டு. த்ரெட்எக்ஸ், செஃபிர் என்ற வேறு ஆர்டிஓஎஸ்களில் இதற்கு முறையே பிளாக் பூல், மெமரி ஸ்லாப் என்று பெயர். நேரம் மாறாது, வெளி ஃபிராக்மென்டேஷன் இல்லை. பிளாக்குக்குள் மிஞ்சும் இடம் மட்டும் வீண்.

இன்னொரு கேள்விக்கும் பதில் வைத்திருங்கள்: தன்னைத்தானே அழித்துக்கொண்ட டாஸ்க்கின் மெமரியை விடுவிப்பது யார்? தன் ஸ்டாக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்டாக்கை அதனால் விடுவிக்க முடியாது. வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்தான் பிறகு வந்து செய்யும். மேல் பிரயாரிட்டி டாஸ்க் ஒன்று பிளாக் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் டாஸ்க்குக்கு முறையே வராது. கோடில் எந்தத் தப்பும் தெரியாமலே ஹீப் குறைந்துகொண்டே போகும்.