நாலு பேராகப் போனால் ஐரோப்பா சுலபம்

நண்பர்கள் சேர்ந்து பேக்பேக் மாட்டிக்கொண்டு ஐரோப்பா கிளம்பலாம் என்று பேச்சு எடுத்ததுமே எந்த ஊர், எத்தனை நாள் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது எத்தனை பேர் என்பதை. அறை, ரயில் இருக்கை, குழு டிக்கெட், சமையல் எல்லாம் தலைக்கணக்கை ஒட்டித்தான் அமையும். 4 பேர் என்பது கச்சிதமான எண்ணிக்கை. பெரும்பாலான ஹாஸ்டல்களில் (ஆளுக்கொரு கட்டில் என்று வாடகைக்குத் தரும் மலிவு விடுதிகள்) 4 கட்டில் போட்ட அறை இருக்கும், நாலு பேர் எடுத்தால் அறை முழுக்க உங்களுடையது. ரயிலில் மேசையைச் சுற்றி எதிரெதிராக 4 இருக்கை. சாதாரண டாக்ஸியிலும் 4 பேர்தான். 5 பேர் என்றால் ஜெர்மனியின் குழு டிக்கெட்டை முழுதாகப் பயன்படுத்தலாம், ஆனால் டாக்ஸி இரண்டு பிடிக்க வேண்டும். 10 பேரை நெருங்கினால் பல ஹாஸ்டல்கள் அதைக் குழு முன்பதிவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முன்பணம், ரத்து விதி எல்லாமே மாறிவிடும். அவ்வளவு பேர் சேர்ந்துவிட்டால் இரண்டு அணியாகப் பிரிந்துகொண்டு, ஊர்களை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், குழுவாகப் போனாலும் விண்ணப்பம் தனித்தனிதான். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நாலு பேரும் ஒரே பயணத் திட்டத்தைக் கொடுங்கள், ஹாஸ்டல் முன்பதிவில் நாலு பெயரும் இருக்கட்டும். விசா கையில் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, தங்கும் நாட்களின் எண்ணிக்கை. ஒருவருக்கு 30 நாள், இன்னொருவருக்கு 22 நாள் என்று வருவது உண்டு; வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். இரண்டாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. ஒரே ஒரு நுழைவு என்றிருந்தால் நடுவில் லண்டனுக்கோ செர்பியாவின் பெல்கிரேடுக்கோ போய்விட்டுத் திரும்ப முடியாது. பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, போஸ்னியா எதுவும் ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கின்றன. நாலு பேருக்கும் விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

வழித்தடத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: ஊர்களை அடுக்குவது. ஹாஸ்டலில் காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மதியம் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் ரயில் 4 மணி நேரம் என்றாலும் அந்த நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதனால் ஒரு ஊருக்குக் குறைந்தது 3 இரவு. 3 வாரத்துக்கு 6 ஊர் போதும். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ் வழியாக ரோமிலிருந்து விமானம் ஏறுவது நல்ல வரிசை. பெர்லினிலிருந்து பிராகுக்கும், பிராகிலிருந்து வியன்னாவுக்கும் சுமார் 4 மணி நேரம்தான். இறங்கிய ஊருக்கே திரும்பி வர வேண்டியதில்லை என்பதால் ஒரு முழு நாள் மிச்சம்.

இனி ரயில். பேக்பேக்கர்களின் காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

ஒரே டிக்கெட்டில் பல நாட்டு ரயில்களில் ஏற உதவும் பாஸ் இரண்டு: ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். இரண்டும் 33 நாடுகளில் செல்லும், 27 வயது வரை இளைஞர் கட்டணம். மேலே சொன்ன வழிக்கு 5 பயண நாள், அதாவது ஒரு மாதத்துக்குள் 5 நாள் என்ற பாஸ். ஆனால் பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைத்தால் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியில் அடி விழும். அங்கே அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கும் இருக்கைகளே குறைவு. கோடையில் ஒரே ரயிலில் 4 இருக்கை சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், டென்மார்க், பெனலக்ஸ் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்) பக்கம் சுற்றுபவர்களுக்குத்தான் பாஸ் லாபம். தெற்கே மட்டும் சுற்றுவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் வாங்குவது மலிவாக வரும். ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை மாலை நாலு பேர் நின்றுகொண்டே போவதைவிட இருக்கை மட்டும் தனியாகப் பதிந்துகொள்வது நல்லது. ஜெர்மன் ரயில்வே தளத்தில் அதற்கு வழி இருக்கிறது.

பாஸ் ரயில் பிளானர் செயலியில் இருக்கும். ஏறுவதற்கு முன் அந்தப் பயணத்தைச் சேர்த்து, அந்த நாளுக்கான டிக்கெட்டைச் செயல்படுத்த வேண்டும். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலுக்கு மட்டும் சலுகை: நள்ளிரவுக்கு முன் ஏறி, வழியில் மாறாமல் போனால் கிளம்பிய நாள் மட்டுமே கணக்கு. ஒரே போனில் நாலு பாஸையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த போனில் சார்ஜ் தீர்ந்தால் நாலு பேரும் டிக்கெட் இல்லாதவர்கள்.

குழுவுக்கு உண்மையான லாபம் பிராந்திய டிக்கெட்டுகளில். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து பயர்ன் டிக்கெட்டில் 5 பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். முதல் ஆளுக்கு அடிப்படை விலை, கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் சிறு தொகை. வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும்; சனி, ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே. பிராந்திய ரயில்களில் மட்டும்தான், ஐசிஇயில் ஏறக் கூடாது. எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரை இது செல்லும் என்பதுதான் அழகு. மியூனிக்கில் தங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சால்ஸ்பர்க் போய் ஊர் சுற்றிவிட்டு இரவு திரும்பிவிடலாம். டிக்கெட்டில் எல்லோர் பெயரையும் எழுத வேண்டும். 8.50 ரயிலில் ஏறினால் 9 மணி வரை அந்த டிக்கெட் செல்லாது. பரிசோதகர் பத்து நிமிஷம்தானே என்று விடமாட்டார். ஆஸ்திரியாவில் இதே மாதிரி 2 முதல் 5 பேருக்கு ஐன்ஃபாக் ராவ்ஸ் டிக்கெட்.

வழியில் பிரியும் ரயில்கள் இன்னொரு வில்லங்கம். பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐசிஇ சிலது ஹாம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டார்ட்மண்ட், டுசல்டார்ஃப் பக்கம், மறு பாதி வுப்பர்டால், கொலோன் பக்கம். வியன்னாவிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் இத்தாலிக்குப் போகும் நைட்ஜெட் என்ற இரவு ரயிலின் பெட்டிகளையும் இரவில் மாற்றிக் கோப்பார்கள். ரயில் எண் சரியாக இருந்தும் தவறான ஊரில் கண் விழிக்கலாம். பெட்டிக் கதவருகே உள்ள பலகையில் போய்ச் சேரும் ஊரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பலகை தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பது அறிவிப்புத் திரையிலேயே இருக்கும்.

இத்தாலியில் பிராந்திய ரயிலுக்கான காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். ஆன்லைனில் வாங்கியதென்றால் ஏறுவதற்கு முன் போனிலேயே செக்-இன் செய்ய வேண்டும். பிராக், புடாபெஸ்ட் மெட்ரோவிலும் காகித டிக்கெட்டுக்கு முத்திரை உண்டு. நாலு டிக்கெட் என்றால் நாலு முறை. அவசரத்தில் ஒன்றைக் குத்திவிட்டு ஓடுபவர்களை நம்பித்தான் பரிசோதகர்கள் படிக்கட்டு அருகே நிற்கிறார்களோ என்று தோன்றும்.

பேக்பேக் 40 லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும், எடை 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி உருளாது, வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி. துணி 5 நாளுக்கு எடுத்தால் 3 வாரத்துக்கும் அதுவே. சுயசேவை சலவைக் கடையின் ஒரு 8 கிலோ இயந்திரத்தில் நாலு பேர் துணியும் சேர்ந்து போகும், செலவும் நாலில் ஒன்று. நாலு பேரும் நாலு அடாப்டர் சுமக்காதீர்கள். நாலைந்து யூஎஸ்பி துளை உள்ள ஒரு சார்ஜரும் ஒரு அடாப்டரும் குழுவுக்குப் போதும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரட்டை உருண்டை முள், 230 வோல்ட். சுவிட்சர்லாந்தின் துளை ஒடுங்கிய அறுகோணம். மெல்லிய இருமுள் பிளக் நுழையும், தடித்த வட்ட பிளக் நுழையவே நுழையாது. பவர் பேங்க் 100 வாட்-ஹவருக்குள் இருக்கட்டும் (20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74), விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, காதடைப்பான், சீக்கிரம் காயும் துண்டு, குளியலறைச் செருப்பு. ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பல ஹாஸ்டல்கள் அதை அறைக்குள் விடுவதில்லை. நீங்களும் படுக்கையில் பையைப் போடும் முன் மெத்தையின் தையல் ஓரங்களை போன் வெளிச்சத்தில் பாருங்கள். மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் பையைத் தரையில்கூட வைக்காமல் வரவேற்பு மேசைக்குப் போய் வேறு அறை கேளுங்கள்.

ஹாஸ்டல் விலை பார்க்கும்போது நகர வரியை மறந்துவிடாதீர்கள். பல ஊர்களில் அது ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலாகும். ஆம்ஸ்டர்டாமில் அறை விலையில் 12.5 சதவீதம்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க ஹாஸ்டல் சமையலறை. 500 கிராம் பாஸ்தா, 400 கிராம் தக்காளி டின் இரண்டு, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு: நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை தவிர. சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். அங்கே தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை; காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ரோமில் தெருவுக்குத் தெரு ஓடும் நசோனி குழாய்களில் நல்ல குடிநீர், இலவசம். பிரான்ஸ் உணவகத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை என்று கேட்டால் காசு கிடையாது.

முன்பதிவு தேவைப்படும் இடங்களை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்ல அருங்காட்சியகத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட் திறக்கும், சீக்கிரமே தீர்ந்தும்விடும். கொலோசியம் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும். செல்லப் பெயரெல்லாம் போட்டுவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

பணத்தகராறுதான் நட்பைக் கெடுக்கும். ஆளுக்கு 50 யூரோ போட்டு ஒரு பொதுப் பை. மளிகை, டிராம், சலவை எல்லாம் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி 50. ஹாஸ்டல், ரயில் மாதிரிப் பெரிய செலவை, பங்கு பிரித்துக் கணக்குப் போடும் ஸ்ப்ளிட்வைஸ் செயலியில் அன்றன்றே பதிந்து, வாரம் ஒருமுறை தீர்த்துவிடுங்கள். குழுவில் யாரிடம் பணம் குறைவோ அவருடைய கணக்குதான் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அளவு. மற்றவர்கள் கூடுதலாக ஏதாவது செய்ய விரும்பினால் அந்த மாலை தனியாகப் போகட்டும். அட்டை தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணமா உள்ளூர்ப் பணமா என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம். மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்வாட்டி, சுவிஸில் ஃபிராங்க் என்பதும் நினைவிருக்கட்டும்.

மெட்ரோவில் கதவு மூடி ஒருவர் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ரயிலுக்குள் இருப்பவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும்; விடுபட்டவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இரு பக்கமும் போன் செய்துகொண்டே திரும்பி ஓடினால், சிக்னல் இல்லாத சுரங்கத்தில் எதிரெதிர் ரயிலில் கடந்துபோவீர்கள். கதவு மூடும் அந்தத் தள்ளுமுள்ளில்தான் பிக்பாக்கெட்டும் நடக்கும்: பாரிஸ் மெட்ரோ, பார்சிலோனாவின் லா ராம்ப்லா, ரோமின் 64ஆம் எண் பஸ். பையை முன்பக்கம் மாட்டுங்கள், கடைசியாக ஏறுபவர் முன்னால் நிற்பவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பாரிஸின் மொன்மார்த்தர் குன்றின் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருபவரிடம் கையையே நீட்டாதீர்கள்.

பாஸ்போர்ட் நகலை உங்கள் போனில் மட்டும் வைத்தால் பயனில்லை, போனும் சேர்ந்துதான் போகும். நாலு பேரின் நகலும் நாலு பேரிடமும் இருக்கட்டும், ஆளுக்கு 2 பாஸ்போர்ட் அளவுப் படமும். தொலைந்தால் முதலில் அதே ஊரில் போலீஸ் புகார், பிறகு அந்த நாட்டுத் தலைநகரில் உங்கள் தூதரகம், அவசரப் பயண ஆவணம். வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும். அதனால் மாட்டிக்கொண்டவரோடு ஒருவர் தங்க, மற்ற இருவர் அடுத்த ஊர் ஹாஸ்டலுக்குப் போய் முன்பதிவைக் காப்பாற்றலாம். மூன்று பேராகப் போயிருந்தால் யாரோ ஒருவர் தனியாகத்தான் இருந்தாக வேண்டும்.