மழைக்கால ஷெட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

செப்டம்பர் 29, 2024, மடிப்பாக்கம்

மழை தொடங்குவதற்குள் ஹெரால்டை ஷெட்டில் ஏற்றிவிட வேண்டும். 1960-களில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார். இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வடிவமைத்த பாடி, தனி சேஸி (அடிச்சட்டம்), மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். இந்த ஊரில் பிறந்த காரை இந்த ஊர் ஈரமே தின்றுவிடக் கூடாது.

முதலில் தரையைப் பார்த்தேன். நேற்று காலை ஒரு பாலித்தீன் தாளை சிமென்ட் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி வைத்திருந்தேன். இன்று உரித்தபோது அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஓதம் அடிக்கிறது. கூரை ஒழுகாவிட்டால் கார் பத்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஹெரால்டில் முதலில் துருப்பிடிப்பதோ சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர் கைகளும், கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பகுதியும்தான், அதாவது தரையைப் பார்த்திருக்கும் பாகங்கள். கனமான பாலித்தீன் விரித்து, அதன்மேல் ரப்பர் பாய் போட்டாயிற்று.

அக்டோபர் 6

மெக்கானிக் பாய் வந்தார். பழைய வண்டிகளிலேயே ஊறியவர். ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆயில் மாற்றினோம். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதை மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறவிடக் கூடாது. பிரேக் ஆயிலும் புதுசு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வீல் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

பெட்ரோல்தான் இப்போது பெரிய தலைவலி. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். டேங்க்கை முழுக்க நிரப்பினோம். உள்ளே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் ஈரமும் அவ்வளவாகச் சேராது. அப்புறம் பம்ப் லைனைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி கார்புரேட்டரைக் காலி செய்தோம்.

கிளம்பும்போது பாய் சொன்னது: “சார், ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுடாதீங்க. லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும்.” கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன்.

அக்டோபர் 14

ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் இருபுறமும் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஹெரால்டைப் பாலத்தில் மழையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிகளோடு சேர்ந்து, பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைச் சாய்வாக அடுக்கி அதன்மேல் தள்ளி ஏற்றினோம். ஜாக்கி போட்டு பாடியைத் தூக்கி நிறுத்தினால் இந்த வண்டியின் பின் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கித் தொங்கும். அதனால் எடை டயர்மேலேயே இருக்கட்டும் என்று விட்டேன். டயர் ஒரே இடத்தில் தட்டையாகிவிடாமல் இருக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். டெர்மினலில் வாஸ்லின்.

அக்டோபர் 20

மாமா போனில், “வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுப்பா” என்றார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடானால் அது வெளியே போய்விடும். அஞ்சு நிமிஷத்தில் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கும், கொஞ்சம் ஆயிலிலும் இறங்கும். ஓட்டுவதானால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. மாமாவிடம் பக்குவமாகச் சொன்னேன், அரைமனதாகக் கேட்டுக்கொண்டார்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர், ஷெட் வாசலில் மணல் மூட்டை. ஈரமானியில் காற்றின் ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 60-க்கு மேல் போனாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். கரண்ட் இல்லை, சீலிங் ஃபேனும் நின்றுவிட்டது. காருக்குள் வைத்திருந்த சிலிக்கா ஜெல் பைகள் நீலம் மாறி முழு ரோஸ் நிறம். அடுப்பில் வறுத்தால் நீலம் திரும்பும். அதற்கென்றே ஒரு பழைய சட்டி ஒதுக்கியிருக்கிறேன், அது இனி சமையலுக்கு ஆகாது.

போர்த்தியிருப்பது பருத்தித் துணி கவர்தான். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளிக்கும்.

டிசம்பர் 3

மழைக்கு ஒதுங்கிய எலி. பின் சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் நார், சீட்டிலிருந்தே பிடுங்கியது, நடுவில் கிழித்த துணி, ஓரத்தில் புழுக்கை. மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது. நல்லவேளை, வயரிங்கைத் தொடவில்லை. அந்த மூத்திரமே தகரத்தை அரிக்கும் என்பதால் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தேன். ஷெட்டுக் கதவின் கீழ் இடைவெளிக்கும் சைலன்சர் வாய்க்கும் கம்பி வலை. சைலன்சரில் அடைத்தது மறந்துபோகாமலிருக்க ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். எலிப்பொறியும் வைத்தாயிற்று. அந்துருண்டையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஜனவரி 12, 2025

வெயில் நன்றாக அடிக்கிறது. ஸ்லீப்பரிலிருந்து இறக்கினோம். ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்த்து, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நாலைந்து சொட்டு ஆயில் விட்டு, ஃபேனைக் கையால் சுற்றிய பிறகே செல்ஃப் போட்டார் பாய். சோக்கை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. பிரேக் நாலும் சமமாகப் பிடிக்கிறது. தாம்பரம் வரை போய் வந்தோம்.

இடது பின் அவுட்ரிகரில் மட்டும் பெயின்ட் லேசாக உப்பியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் தகரம் இன்னும் கெட்டிதான். பொங்கல் முடிந்ததும் வயர் பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு பூசி, சேஸியின் பெட்டி போல மூடிய பகுதிகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிப்பதாக பாய் சொல்லியிருக்கிறார். ஸ்ப்ரேயை நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி வைக்க வேண்டும்.