மூன்றாவது மின்னூட்டத்தை எங்கே வைப்பது?

நேற்றிரவு மகளின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் கணக்கொன்றில் இருவரும் வெகுநேரம் சிக்கிக்கொண்டோம். 1, 4 மைக்ரோகூலூம் அளவுள்ள இரு நேர் மின்னூட்டங்கள் 30 செ.மீ. இடைவெளியில் இருக்க, மூன்றாவதொன்றை வைத்து மூன்றையுமே அசையாமல் நிறுத்த வேண்டும்.

விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருப்பதால், நான்கு மடங்கு மின்னூட்டத்தை இரு மடங்கு தொலைவே ஈடுசெய்துவிடுகிறது; ஆகவே இடம், சிறியதிலிருந்து 10 செ.மீ. ஆனால் மற்ற இரண்டும் நகராதிருக்க, அது 4/9 மைக்ரோகூலூம் எதிர் மின்னூட்டமாக இருக்க வேண்டும். பின்னத்தைக் கண்டதும் தவறென்றெண்ணி அவள் அழித்தே விட்டாள் (எனக்கும் ஒரு கணம் ஐயம்தான்).

இச்சமநிலையும் உறுதியற்றது: நடுவிலுள்ளது சிறியதை நோக்கி இம்மியளவு நகர்ந்தாலும், சிறியது அதை மேலும் இழுத்துக்கொள்ளும். நிலைமின் விசைகளால் மட்டும் உறுதியான சமநிலை அமையாதென்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளர் எர்ன்ஷா 1842-இல் வெளியிட்ட தேற்றம் காட்டுகிறது.