சீஸ் கொப்பரையில் இத்தாலியன்: 12 வாரக் குறிப்பு

ஆவணப்படம் பார்த்து இத்தாலியன் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கொலோசியம், பொம்பெயி என்றுதான் தொடங்குகிறார்கள். அங்கே கேமரா இடிபாடுகளைச் சுற்றும். குரலோ பேரரசர்களின் வாரிசுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கும். காட்சிக்கும் சொல்லுக்கும் ஒட்டே இராது. கைத்தொழில் படங்களில் கை செய்வதைத்தான் வாய் சொல்கிறது. அதனால் இந்த 12 வாரங்களில் முதல் பத்துக்கு எடுத்துக்கொண்டது பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் காட்சிகள் மட்டுமே. நிகழ்காலமும் ஆண்பால் பெண்பால் ஆர்ட்டிகிளும் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சிறு சொல்) தெரிந்திருந்தால் இதைத் தொடங்கலாம்.

வாரம் 1, 2. ஒரு படத்திலிருந்து 4 நிமிடத் துண்டு ஒன்று. முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, என்ன நடக்கிறது என்று தமிழில் வரிசையாக எழுத வேண்டும். முந்தைய மாலைப் பால் இரவெல்லாம் நின்று ஆடை ஒதுங்குகிறது. காலைப் பால் அதோடு சேர்கிறது. சுமார் 1,100 லிட்டர் பிடிக்கும் செப்புக் கொப்பரைக்குப் போகிறது. உறை சேர்த்ததும் திரைகிறது. கம்பிக் கூடு போன்ற கருவியால் திரளை உடைக்கிறார்கள். சுமார் 55 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். அடியில் படிந்ததைத் துணியில் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். இந்த வரிசை மனதில் இருந்தால், ஒலியைத் திறந்ததும் பாதிச் சொற்கள் தானாக இடம் பிடித்துக்கொள்கின்றன. கொப்பரை 'கல்தாயா', உடைக்கும் கருவி 'ஸ்பீனோ', மோர்த்தண்ணீர் 'ஸியேரோ', உப்புநீர் 'ஸலமோயா', செய்பவர் 'கஸாரோ'.

சப்டைட்டில் இத்தாலியனிலேயே இருக்கட்டும். ஆங்கில சப்டைட்டில் ஓடினால் கண் அதைப் படித்துவிடும், காது தூங்கிவிடும்.

வாரம் 3 முதல் 6. அதே துண்டிலிருந்து தினமும் 6 வாக்கியம், நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவது. இங்கேதான் அதிகம் தடுக்கும். முதல் சிக்கல், ஒட்டிக்கொள்ளும் ஆர்ட்டிகிள். 'லார்னோ' என்று காதில் விழுந்ததை அகராதியில் தேடினால் கிடைக்காது. அது ஆர்னோ என்ற ஆறு, முன்னால் 'ல்' ஒட்டியிருக்கிறது. தானியங்கி சப்டைட்டிலும் இதே இடத்தில்தான் தடுமாறும். உயிரெழுத்துக்கு முன் 'ல்' கேட்டால் முதலில் அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, ஆள் இல்லாத வாக்கியம். 'ஸி ரோம்பே' (உடைப்பது), 'ஸி தால்யா' (வெட்டுவது) என்று செய்முறை முழுக்க 'ஸி'தான். யார் செய்கிறார் என்று தேடக் கூடாது. "வெங்காயத்தை வதக்கவும்" என்று நம் சமையல் குறிப்பில் ஆளே இல்லாமல் சொல்வதைப் போலத்தான் அதன் பயன். ஒரு வேறுபாடு உண்டு: செய்யப்படும் பொருள் பன்மை ஆனால் வினையும் பன்மையாகும். ஒரு சீஸ் சக்கரத்தை உப்புநீரில் போட்டால் 'ஸி மேத்தே', பல சக்கரங்களைப் போட்டால் 'ஸி மேத்தொனோ'. தமிழ் 'போடவும்' மாறாது என்பதால் நம் வாய் இதைத் தொடர்ந்து விட்டுவிடும். ஒவ்வொரு 'ஸி' வாக்கியத்தையும் ஒருமையில் ஒரு முறை, பன்மையில் ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

வாரம் 7 முதல் 10. உச்சரிப்பு. இரட்டை மெய் நமக்கு எளிது. பலி, பல்லி என்று பிரித்துக் கேட்கும் காதுக்கு 'பாலா' மண்வெட்டி, 'பால்லா' பந்து என்பது ஒரு நாள் வேலை. 'த்த' ஒலியில் நாக்கு பல்லைத் தொடுவதும் நமக்குப் பழக்கமானதே. ஒற்றை வல்லினம்தான் வழுக்கும் இடம். தமிழில் சொல்லின் நடுவே தனியாக வரும் க, த, ப மெலிந்து ஒலிக்கும். வலிய ஒலி வேண்டுமென்றால் இரட்டிப்போம். இத்தாலியனில் ஒற்றையாகவும் வலியதாகவும் வர வேண்டும். திரளுக்கான சொல்லைத் தமிழில் 'கல்யாதா' என்று எழுதினாலும் தவறு, 'கல்யாத்தா' என்றாலும் தவறு. தலைமுடியும் தொப்பியும் இந்த ஒரு ப-வில்தான் பிரிகின்றன: ஒற்றை ப என்றால் முடி (capello), இரட்டை என்றால் தொப்பி (cappello). ஆகவே நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதுவது அவசியம். பயிற்சிக்கு, 'க' என்று சொல்லி நிறுத்தி, 'பால்' என்பதில் வரும் ப-வோடு 'பெல்லோ' என்று தொடங்க வேண்டும். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

வேகத்தை 0.75-க்குக் குறைப்பது எழுதிப் பழகும்போது மட்டும் சரி. கூடவே பேசிப் பழகும்போது கூடாது. ஒற்றையும் நீண்டுவிடுவதால் இரட்டையோடு குழம்பும்.

வாரம் 11, 12. மாறுதலுக்காக ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடம் பற்றிய துண்டு. அது 1420 முதல் 1436 வரை கட்டப்பட்டது. படங்கள் இந்தக் காலத்தை 'குவாத்ரொசென்தோ', அதாவது 'நானூறு', என்று குறிக்கும். 1400-களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்; நம் கணக்கில் 15-ஆம் நூற்றாண்டு. 'நாலு' என்ற ஓசையைக் கேட்டு 14 என்று எழுதினால் வரலாறே நூறு ஆண்டு நகர்ந்துவிடும். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வதும் இப்படங்களின் வழக்கம். முன்னால் ஆண்டு வந்துவிட்டால், வினை நிகழ்காலத்தில் இருந்தாலும் இறந்தகாலமாகவே படிக்க வேண்டும்.

அடுத்து வெனிஸின் கோண்டோலா படகுப் பட்டறை. சுமார் 11 மீட்டர் நீளப் படகு, எட்டு வகை மரம், இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம். அளவுகளையும் ஒப்பீட்டையும் கேட்டுப் பழக இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. ஆனால் துடுப்புத் தாங்கி 'ஃபோர்கொலா', பட்டறை 'ஸ்குவேரோ' எல்லாம் வெனிஸ் வட்டாரச் சொற்கள். வயதான தச்சர்கள் பேசும்போது இத்தாலியப் படத்திலேயே இத்தாலிய சப்டைட்டில் ஓடினால், அது வட்டார மொழி என்பதற்கு அடையாளம். அந்தப் பகுதியைக் கேட்டு எழுதாமல், சொற்களை மட்டும் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.