முன் லெஃப்ட்ல 22

ரெண்டு வாரமா வண்டி என் பேச்சைக் கேக்கல. நேர் ரோட்டுல ஸ்டியரிங்கை லேசா விட்டா மெதுவா லெஃப்ட் பக்கம் ஒதுங்குது, பார்க்கிங்ல திருப்புறப்போ வழக்கத்தை விட கனமா இருக்கு, வளைவுல நான் திருப்புறதுக்கும் அது திரும்புறதுக்கும் நடுவுல ஒரு சின்ன சோம்பல். முதல்ல ரோடு ஓரத்துக்கு சரிவா இருக்கு அதான்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் அலைன்மென்ட்தான், அதாவது சக்கரங்க நிக்குற கோணம்தான் போயிருக்கும்னு நானே முடிவு பண்ணி ஒரு இடத்துல போய் அதையும் பண்ணிட்டு வந்தேன். ஸ்க்ரீன்ல எல்லாம் பச்சையா வந்துச்சு, காசும் போச்சு, வண்டி மட்டும் அதே லெஃப்ட்.

ஒரு நாள் காலைல வேற எதையோ தேடி டிராயரைக் குடையும்போது எப்பவோ வாங்கிப் போட்ட காத்து கேஜ் கையில மாட்டுச்சு. சும்மா வச்சுப் பாப்போம்னு போனேன். முன் லெஃப்ட் 22. முன் ரைட் 29. பின்னாடி 27, 30. டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல நாலுக்கும் 33 பிஎஸ்ஐன்னு இருக்கு. அலைன்மென்ட்டுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய முதல் வேலையே காத்து பாக்குறதுதானாம், ஒரு டயர் இறங்கியிருந்தா அந்த மூலையே தாழ்ந்து போய் அளவெல்லாம் மாறிடும். அவங்களும் பாக்கல, நானும் கேக்கல.

இத்தனைக்கும் நான் தினமும் ஏறுறதுக்கு முன்னாடி டயரைப் பாக்குற ஆளு, காலால ஒரு தட்டு கூட தட்டுவேன். அந்தத் தட்டுல ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு இப்பதான் புரியுது. ரேடியல் டயர் முழு காத்து இருந்தாலே அடியில கொஞ்சம் பிதுங்கித்தான் நிக்கும், 33க்கும் 26க்கும் கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

நாலையும் 33 வச்சுட்டு எடுத்தேன். முதல் திருப்பத்துலயே தெரிஞ்சுது, வேற வண்டி. லெஃப்ட் இழுப்பு போயே போச்சு.

ஏன்னு கொஞ்சம் உக்காந்து படிச்சேன். நாம ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி உடனே திரும்பிடுதுன்னு நினைக்கிறோம்ல, அப்படி இல்ல, முதல்ல ரிம் திரும்புது, ரோட்டைப் பிடிச்சிட்டிருக்க ரப்பர் இன்னும் பழைய பக்கமே பாத்துட்டிருக்கு, நடுவுல இருக்க சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், முறுக்கிக்குது, அந்த முறுக்கு தர்ற விசைதான் வண்டியைப் பக்கவாட்டுல தள்ளுது. காத்து சரியா இருந்தா சைடுவால் விறைப்பா இருக்கும், முறுக்கு சட்டுனு விசையா மாறிடும். காத்து கம்மின்னா தொளதொளன்னு மடங்கும், அதுதான் நான் சொன்ன சோம்பல். இழுப்புக்குக் காரணம் இன்னும் சிம்பிள், இறங்கின டயர் உருள கஷ்டப்படும். ரெண்டு பேர் கட்டில் தூக்கிட்டுப் போறப்போ ஒருத்தர் காலை இழுத்து இழுத்து நடந்தா கட்டில் அவர் பக்கம் திரும்பும்ல, அதே கதை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு கணக்கு. வண்டியைத் தாங்குறது ரப்பர் இல்ல, உள்ள இருக்க காத்துதான். 33 பிஎஸ்ஐன்னா ஒரு சதுர இன்ச்சுக்கு 33 பவுண்டு, நம்ம கணக்குல 15 கிலோ. வண்டி 1200 கிலோன்னு வச்சுக்குவோம், ஒரு சக்கரத்துக்கு 300. 300ஐ 15ஆல வகுத்தா 20 சதுர இன்ச், அவ்ளோதான் ஒரு டயர் ரோட்டுல படுற இடம், ஒரு உள்ளங்கை அளவு. சைடுவாலும் கொஞ்சம் தாங்கும்ங்கிறதால இது தோராயம்தான், ஆனா நாலு உள்ளங்கை மேலதான் குடும்பத்தையே ஏத்திக்கிட்டு நூறுல போறோம்னு நினைச்சா கொஞ்சம் வயித்தைக் கலக்குது. அதுவே 22ன்னா சதுர இன்ச்சுக்கு 10 கிலோதான், அப்போ 30 சதுர இன்ச் வேணும், டயர் அவ்ளோ தூரம் அமுங்கித்தான் ஆகணும்.

அதிக இடம் படுதுன்னா அதிக பிடிப்புதானேன்னு எனக்கும் தோணுச்சு. மணல்ல ஓட்டுறவங்க வேணும்னே காத்தை எறக்கிட்டுப் போறது அதுக்குத்தான். ஆனா தார் ரோட்டுல அந்த கூடுதல் இடம் சமமா அமுங்குறதில்ல, ரெண்டு ஓரமும்தான் அழுத்தமா படும், நடுப்பகுதி சும்மா பேருக்குத் தொட்டுட்டிருக்கும், அதனாலதான் ஓரம் மட்டும் தேஞ்சு போகுது. கூடவே சூடு. நூறு கிமீ வேகத்துல ஒரு கார் டயர் செகண்டுக்கு 14 சுத்து கிட்ட சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் சைடுவாலோட ஒவ்வொரு இடமும் ஒரு தடவை மடங்கி நிமிருது, மடங்குறது அதிகமானா சூடும் அதிகம். ஹைவேல டயர் வெடிக்கிறது பல நேரம் காத்து கம்மியா இருந்து சூடேறித்தான், எல்லாரும் நினைக்கிற மாதிரி அதிகமா அடிச்சு இல்ல.

இதைப் பத்தி மச்சான்கிட்ட சொன்னேன். அவன், "மாப்ள, 33 எல்லாம் பழைய காலம், நான் எப்பவும் 40 வைக்கிறேன், மைலேஜ் பிச்சுக்கும், டயர்லயே 44ன்னு போட்டிருக்கு பாரு"ன்னான். டயர்ல போட்டிருக்கிறது அது தாங்கக்கூடிய உச்ச அளவுடா, உன் வண்டிக்கு வைக்கச் சொன்ன அளவு இல்லன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறான். சரின்னு ஒரு வாரம் 40 வச்சு ஓட்டியும் பாத்தேன். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு, உண்மைதான், மொத ரெண்டு நாள் எனக்கே பிடிச்சுது. அப்புறம் ரோட்டுல இருக்க ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்புல எண்ணிப் பாக்குற மாதிரி ஆச்சு, கரடுமுரடான வளைவுல பின்பக்கம் சின்ன சின்னதா துள்ளி ஒரு அங்குலம் தள்ளிப் போய் உக்காருது, பிரேக் கொஞ்சம் அழுத்தினாலே, சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் காலுக்கடியில துடிக்க ஆரம்பிச்சுடுது. துள்ளுற நேரத்துல டயர் ரோட்டுலயே இல்ல, அப்புறம் பிடிப்பு எங்க இருந்து வரும்? இப்படியே ஓட்டினா நடுப்பகுதி மட்டும் தேயும்.

மைலேஜ் கணக்கும் மச்சான் சொல்ற அளவுக்கு இல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்றது, நாலு டயரோட சராசரி ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். என்னோட சராசரி 27, அதாவது 6 கம்மி, ஆக இழப்பு 1.2 சதவீதம். அதே கணக்குல 33ஐ 40 ஆக்கினாலும் கிடைக்கிறது ஏறக்குறைய இவ்ளோதான், இதுக்காக பிரேக்கை விட்டுக்கொடுக்க நான் தயாரா இல்ல.

முன்னாடி பின்னாடி வித்தியாசம்னு இன்னொரு விஷயம் இருக்கு, இதை யாரும் பேசுறதில்ல. முன் டயர்ல மட்டும் காத்து கம்மின்னா வளைவுல வண்டி நேரா போகப் பாக்கும், நீங்க இன்னும் கொஞ்சம் திருப்புவீங்க, வேகத்தைக் குறைப்பீங்க, சரியாயிடும். பின் டயர்ல கம்மின்னாதான் வம்பு, திடீர்னு லேன் மாத்துறப்போ வால் தனியா ஆடும், அதைப் பிடிச்சு நிறுத்துறது என்னை மாதிரி சாதா டிரைவரால ஆகாது. ஸ்டியரிங் முன் சக்கரத்தோட சேதியைத்தான் கைக்குக் கொண்டு வருது, பின் டயர் இறங்குறது ரொம்ப நாள் தெரியவே தெரியாது.

மழையில இது இன்னும் மோசம். தண்ணி தேங்கின ரோட்டுல எந்த வேகத்துல டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும்னு நாசால 1960கள்ல ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சாங்க, பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்தை 10.35ஆல பெருக்கினா மணிக்கு இத்தனை மைல்னு வேகம் வரும். கிமீக்கு மாத்தினா 33க்கு சுமார் 96 கிமீ, 22க்கு 78 கிமீ. விமான டயருக்காகப் போட்டது, கார்ல டயர் மேல இருக்க பள்ளங்களோட ஆழம், தண்ணியோட ஆழம் எல்லாத்தையும் பொறுத்து மாறும், ஆனாலும் அந்த 18 கிமீ வித்தியாசம் சும்மா இல்ல.

முன் ரைட்ல ஏன் 29ன்னு யோசிச்சப்போதான் என் முட்டாள்தனம் ஞாபகம் வந்துச்சு. ஒரு மாசம் முன்னாடி ரெண்டு மணி நேரம் ஹைவேல ஓட்டிட்டு நேரா பங்க்ல போய் காத்து பாத்தேன், 37 காட்டுச்சு, அதிகமா இருக்குன்னு 33க்கு எறக்கச் சொன்னேன். ஓடி வந்த டயர் சூட்டுல 4, 5 ஏறித்தான் இருக்கும். ஸ்டிக்கர்ல இருக்கிறது ஆறின டயருக்கு, காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாக்கணும். வெளி வெப்பம் 10 டிகிரி குறைஞ்சாலே ஒன்றரை பிஎஸ்ஐ போயிடும். போதாததுக்கு பஞ்சரே இல்லாம ரப்பர் வழியாவும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தானா கசியும். நைட்ரஜன் அடிச்சா இதெல்லாம் வராதுன்னு சொல்றாங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், கசிவு கொஞ்சம் மெதுவாகும், சூட்டுக்கு ஏறி எறங்குறது அதேதான்.

அந்த 22க்குக் காரணம் வேற. வால்வு வாயில எச்சில் தொட்டு வச்சேன், மெதுவா ஒரு குமிழ் ஊதிட்டு வந்துச்சு. வால்வு பின் மாத்தினேன், அஞ்சு நிமிஷ வேலை.

என் வண்டில டிபிஎம்எஸ், அதாவது டயர்ல காத்து குறைஞ்சா விளக்கு போட்டு எச்சரிக்குற அமைப்பு, கிடையாது. அமெரிக்காவுல 2000ல டயர் பிய்ஞ்சு எஸ்யூவிங்க உருண்ட பிரச்சினைக்கு அப்புறம் சட்டம் போட்டு 2007 செப்டம்பர்ல இருந்து எல்லா புது காருக்கும் கட்டாயமாக்குனாங்க, ஐரோப்பாவுல 2014 நவம்பர்ல இருந்து. இருந்திருந்தாலும் முழுசா காப்பாத்தியிருக்காது, அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைஞ்சாதான் விளக்கு எரிஞ்சாகணும், 33ன்னா 25 கிட்ட. என் 22க்கு எரிஞ்சிருக்கும், அந்த 27ம் 29ம் சத்தமில்லாம அப்படியே ஓடிட்டிருந்திருக்கும். சில வண்டில டயருக்குள்ள சென்சாரே இருக்காது, ஏபிஎஸ் சென்சாரை வச்சு எந்தச் சக்கரம் மத்ததை விட வேகமா சுத்துதுன்னு பாத்து, அதோட சுற்றளவு சுருங்கியிருக்குன்னு ஊகிக்கும். நல்ல ஐடியாதான், ஆனா நாலும் ஒண்ணா இறங்கினா அதுல பல வண்டி ஏமாந்துடும்.

இதெல்லாம் எழுதிட்டு ஒரு சந்தேகத்துல இப்ப கீழ போய் டிக்கியைத் திறந்து பாத்தேன். ஸ்டெப்னி, அந்த ஒல்லி டயர், அது மேலயே 60 பிஎஸ்ஐன்னு அச்சடிச்சிருக்கு. கேஜ் 19 காட்டுது.