ஏழு லட்சத்தில் ஒரு பெரிய வண்டி: நாட்குறிப்பு

மே 5, 2024, ஞாயிறு. தக்கலை

சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. பழைய கார் தேட இதைவிட நல்ல மாதம் வக்கீலுக்கு வாய்க்காது. 2004ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின் என் பிழைப்பில் பாதி நாங்குநேரிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே சாலையில்தான் கழிகிறது. போய்வர ஐந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும். வழக்குக் கட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு சின்ன வண்டியில் போய் இறங்கினால், வாதாடுவதற்கு முன்பே இடுப்பு தோற்றுவிடுகிறது.

கையில் இருப்பது ஒன்பது லட்சம். இதில் வண்டிக்கு ஏழு. மீதி இரண்டு வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அதற்கே செலவிட. இந்த இரண்டைத் தொட்டு விலையை ஏற்றக்கூடாது என்று மனைவி முன்னிலையில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

“ஒன்பது லட்சத்துக்குப் புது வண்டியே வருமே?” என்றாள். வரும். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற வண்டி அந்த விலையில் புதிதாக வராது. ஜூனியருக்கு வேறு கணக்கு. முன்னால் பென்ஸ் நட்சத்திரம் பதித்த வண்டியில் போய் இறங்கினால் கட்சிக்காரர்கள் ஃபீஸைக் குறைத்துக் கேட்க மாட்டார்கள் என்கிறான். இவன் சீக்கிரம் முன்னுக்கு வந்துவிடுவான்.

மே 11, சனி

மார்த்தாண்டத்தில் ஒரு பழைய வண்டிக் கடை. 2011 பி.எம்.டபிள்யூ 320டி, வெள்ளை, கே.எல். 07, அதாவது எறணாகுளம் பதிவு. கேட்கிற விலை 6.90 லட்சம். ஒர்க்‌ஷாப் அண்ணனையும் அழைத்துப் போயிருந்தேன். பல வருஷம் ஷார்ஜாவில் ஜெர்மன் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர். அதிகம் பேச மாட்டார்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போனதும் அவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. எங்களுக்கு முன்பே யாரோ எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். இந்த வண்டியின் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் சங்கிலி, பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நொடிகளில்தான் கரகரவென்று காட்டிக்கொடுக்கும். சூடாகிவிட்டால் சத்தம் அடங்கிவிடும். மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். கூலியே தலைசுற்ற வைக்கும்.

மீட்டரில் 58,000 கிலோமீட்டர். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் தோல் பளபளக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் பஞ்சு அமுங்கிக் கிடக்கிறது. மீட்டர் சொல்லிக்கொடுத்துக் கூண்டில் ஏற்றிய சாட்சி. பெடல் ரப்பருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். ரன் ஃபிளாட் டயராம், காற்று இறங்கினாலும் ஓடுமாம், ஸ்டெப்னியே கிடையாதாம். இரவு பதினொரு மணிக்குக் கயத்தாறு தாண்டி டயர் கிழிந்தால் இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கும்பிட்டுவிட்டு வந்தோம்.

மே 14, செவ்வாய்

திரும்பும் வழியில் அண்ணன் சொன்ன ஒரே விஷயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. “வக்கீல் சார், வண்டி விலைதான் இறங்கும். பார்ட்ஸ் விலை இறங்காது.”

அன்று முப்பது லட்சத்தைத் தொட்ட வண்டி இன்று ஏழுக்கு நிற்கிறது. அதன் இன்ஜெக்டருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் அது ஏழு லட்சத்து வண்டியாகிவிட்டது தெரியாது. அவை முப்பது லட்சத்து விலையிலேயே இருக்கின்றன. ஏழு கொடுத்து வாங்குகிறவன் முப்பது லட்சத்து வண்டிக்குத் தீனி போட வேண்டும். முதல் ஓனர் இவ்வளவு மலிவாகக் கைகழுவுவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் எதுவும் இல்லை. எந்தச் சின்னம் பெரியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த வண்டியின் பழுதை நாகர்கோவிலுக்குள்ளேயே பார்க்க முடியும் என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஜூனியருக்கு இதில் ஏமாற்றம்.

மே 19, ஞாயிறு

விடாத மழை. குளச்சல் பக்கம் கடலோரத்தில் ஒரு வீடு. 2012 மெர்சிடிஸ் சி220 சி.டி.ஐ., டி.என். 75, ஒரே ஓனர். மகன் கப்பலில் வேலை பார்க்கிறார், விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓட்டுவாராம். தகப்பனார் உறையை விலக்கிக் காட்டினார். 41,000 கிலோமீட்டர், இது உண்மையான 41,000. பெடல் ரப்பரில் வரிகள் அப்படியே இருக்கின்றன. தோல் இருக்கையில் ஒரு மடிப்புகூட இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஈரத்தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது கையுறை முழுக்கச் செந்தூள். பன்னிரண்டு வருஷம் உப்புக்காற்றில் நின்ற வண்டி. சைலன்சர் தாங்கிகள், பின் ஆக்சில் போல்ட்டுகள், பிரேக் குழாய்களின் இணைப்புகள் எல்லாம் துரு. மேலே பெயின்ட், கீழே பொருக்கு. ரப்பர் புஷ்கள் காய்ந்து வெடித்திருந்தன. டயரின் பக்கவாட்டில் 0912 என்ற நான்கு எண்கள். 2012ன் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். டயரின் மேல்வரிகள் தேயாமல் நன்றாகவே இருந்தன, ஆனால் அந்த ரப்பரை நம்பி நான்கு வழிச்சாலையில் ஏற முடியாது.

ஓடித் தேய்ந்த வண்டியையாவது கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். கடற்கரையில் நின்று கெட்டதை எங்கே தொடங்குவது? எங்கள் மாவட்டத்தில் ‘குறைவாக ஓடியது’ என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி ‘எங்கே நின்றது?’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் கட்டன் காப்பி கொடுத்தார். எதிர்வீட்டு மரத்தின் கீழும் இப்படி ஒரு வண்டி நிற்கிறதாம், பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

மே 26, ஞாயிறு

நாகர்கோவிலில் ஒரு வியாபாரி. மெர்சிடிஸ் இ250 சி.டி.ஐ., 2014, டி.எல்., அதாவது டெல்லி பதிவு, விலை ஏழே முக்கால். புதிதில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய வண்டி. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால், “டெல்லிக்காரனுக்கு வேண்டாம், அண்ணாச்சி, அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான் இல்லை. தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018ல் அதை உறுதிசெய்தது. அதனால் ஒன்பதாவது வருஷத்திலேயே அங்கே விலை சரிகிறது. தரகர்கள் லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுவருகிறார்கள். இதில் சட்டப்படி தவறு ஏதும் இல்லை. அந்த ஊர் ஆர்.டி.ஓ. படிவம் 28ல் தடையின்மைச் சான்று கொடுத்தால், இங்கே பதிவை மாற்றலாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி மாற்றித்தான் ஆக வேண்டும்.

கை கடிக்கும் இடம் வரிதான். தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரி நான் கொடுக்கும் ஏழே முக்காலுக்கு இல்லை. வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். டெல்லியில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க என் கட்சிக்காரர்களின் மனுக்களுக்கே நேரம் போதவில்லை. இதையெல்லாம் சொன்னதும் வியாபாரி குரலைத் தாழ்த்தினார். “டெல்லி நம்பரிலேயே ஓட்டுங்கள் அண்ணாச்சி, இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?”

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அதுவரை அவர் கேட்கவில்லை.

ஜூன் 1, சனி

இரண்டு வண்டிகள், இரண்டும் சீக்கிரம் முடிந்தன. 2010 ஹோண்டா அக்கார்டு 2.4, ஒரு மருத்துவர் வைத்திருந்தது. எஞ்சின் அருமை, காகிதங்கள் சுத்தம். ஆனால் நீளமான வண்டி, வயிறு தாழ்வு. எங்கள் தெரு முனை வேகத்தடையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏறியபோது அடியில் உரசிய சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. அம்மா ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, “மக்களே, இதில் உட்காரவில்லை, விழுகிறேன்” என்றாள்.

மற்றது ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டி.எஸ்.ஐ. பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். இதில் டி.எஸ்.ஜி. என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக், உலர் கிளட்ச் வகை. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, நெரிசலில் நகர்ந்து நின்று நகரும்போது முதல் இரண்டு கியருக்கும் நடுவில் ஓர் உதறல். கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டி போகப்போகிறது என்றார் அண்ணன். ஒதுக்கிவைத்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும்.

ஜூன் 8, சனி. திருநெல்வேலி

டொயோட்டா கேம்ரி 2.5 பெட்ரோல், 2013, டி.என். 72. பெயரைச் சொன்னதும் ஜூனியர் முகத்தைச் சுளித்தான். யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி என்றான். திரும்பிப் பார்க்காததால்தான் விலை 7.35ல் நிற்கிறது. நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, ஏற்கெனவே ஊரெல்லாம் பழகிய ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பழுதாக அதிகம் எதுவும் இல்லாத வண்டி.

ஆனால் எனக்குப் பயம் வேறு. திருநெல்வேலி வண்டி, விற்பனைக்கு வந்த காலம் இது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஓனர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தன் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார். இருக்கலாம். அவர் வாக்குமூலத்தை ஓரமாக வைத்துவிட்டு வண்டியை விசாரித்தோம்.

சீட் பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, வண்டல் கோடு அங்கேதான் தங்கும். கோடு இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடிக்குழியில் விரல் விட்டால் காய்ந்த தூசி, சேறு இல்லை. இருக்கைத் தண்டவாளங்களில் துரு இல்லை. தரைவிரிப்பின் ஓரத்தைக் கிளப்பி முகர்ந்தார் அண்ணன். டாஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியின் செம்பு முனைகள் பச்சை பூக்காமல் இருந்தன. சர்வீஸ் பட்டியலில் மார்ச்சில் வழக்கமான ஆயில் மாற்றம் மட்டும்; இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எதுவும் இல்லை.

ஓனர் எங்கள் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “பெல்ட்டை இழுத்துப் பார்க்கும் விஷயம் எனக்குத் தெரியாதே” என்று மற்ற மூன்று பெல்ட்டுகளை அவரே இழுத்துக் காட்டினார்.

எஞ்சின் குளிர்ந்திருந்தது. முதல் முயற்சியிலேயே அமைதியாகக் கிளம்பியது. குறைகள்: முன் டயர்கள் தேய்ந்தவை, இடது முன் சக்கரத்தில் புஷ் சத்தம், கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை, பின் பம்பரில் கீறல். கீறலை அப்படியே விடப்போகிறேன். ஓட்டிப் பார்த்தபோது நூறில் என் குரலை நான் உயர்த்தவில்லை.

ஜூன் 12, புதன்

6.95க்கு முடிந்தது. முன் டயர்களையும் புஷ்ஷையும் சொல்லித்தான் நாற்பதாயிரம் குறைத்தேன். வரி, பதிவு மாற்றம் எதுவும் கிடையாது. ஒரே மாநிலம், அதே எண், படிவம் 29ம் 30ம் போதும். ஆர்.சி.யில் மட்டும் பழைய வங்கிக் கடன் இன்னும் அடமானமாக நிற்கிறது. கடனை 2018லேயே அடைத்துவிட்டாராம், நீக்க மறந்துவிட்டார். வங்கியிடம் சான்று வாங்கிப் படிவம் 35 கொடுத்து நீக்கியபின்தான் முழுப் பணம் என்றேன். வங்கியிலேயே வேலை பார்த்தவர் என்பதால் இதற்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

பாதியை ரொக்கமாகத் தர முடியுமா என்று தயங்கிக் கேட்டார். வருமான வரிச் சட்டம் 269எஸ்.டி.யின்படி இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் தண்டம் வாங்கியவருக்கு என்று சொன்னேன். உடனே கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டார்.

பெயர் மாற்றத்துக்கு நான் அவசரப்படுத்தியதைவிட அவர் அவசரப்பட்டிருக்க வேண்டும். விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன் என்பதால் இது எனக்கு மனப்பாடம்: விற்ற பிறகும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லிவிட்டது. பத்திரத்தாளில் எழுதி வாங்கிய விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 29, சனி

அடமானம் நீங்கியது, பெயரும் மாறிவிட்டது. ஒர்க்‌ஷாப் செலவு: நான்கு டயர், கியர் ஆயில், கூலன்ட், முன் புஷ்கள், பிரேக் பேட், பேட்டரி. எல்லாம் நாகர்கோவிலில் கிடைத்தவை, எதற்கும் கொச்சிக்கு ஆள் அனுப்பவில்லை. இரண்டு லட்சத்தில் எண்பதாயிரம் மிச்சம். அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நாங்களும் கடலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

2028ல் பதினைந்து வருஷம் முடியும். மறுபதிவுக் கட்டணம் ஐயாயிரம், பசுமை வரி தனி. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 3, புதன். மதுரை

முதல் பயணம். விடியற்காலை நான்கு மணிக்குத் தக்கலையிலிருந்து கிளம்பி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே பக்கக்காற்று அடித்தபோதும் வண்டி அசையவில்லை. பின்சீட்டில் ஜூனியர் கட்டுகளோடு தூங்கிவிட்டான், திரும்பிப் பார்க்காத வண்டி என்று சொன்ன அதே ஆள்.

கோவில்பட்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது பழைய ஓனர் தொலைபேசியில் அழைத்தார். நாங்குநேரி சுங்கச்சாவடியில் அவர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறதாம். விற்கும்போதே முடக்கிவிட்டதாக அவர் சொன்ன பழைய ஃபாஸ்டேக் உயிரோடு இருந்திருக்கிறது. கண்ணாடியில் என் புது டேக் பக்கத்திலேயே அதுவும் ஒட்டியிருந்தது. அங்கேயே உரித்துவிட்டுப் பணத்தை அனுப்பினேன்.

“மைலேஜ் எவ்வளவு சார் தருகிறது?” என்று கேட்டார்.

“பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.”

“எனக்குப் பத்தைத் தாண்டியதே இல்லையே” என்றார். என்ன வேகத்தில் ஓட்டுகிறேன் என்று விசாரிக்கத் தொடங்கியவரை நிறுத்த முடியவில்லை. பத்தரை மணிக்கு வழக்கு இருக்கிறது என்று சொல்லித்தான் வைத்தேன்.